தண்ணீர் மேல் ஒரு வானவில்: இறால் தொட்டியின் படலம் பற்றித் தெரியுமா?

ஒரு தேக்கரண்டி எண்ணெய் அரை ஏக்கர் குளத்தின் அலையை அடக்கிவிடும், தெரியுமா? லண்டனில் கிளாப்பம் காமன் குளத்தில் பெஞ்சமின் பிராங்க்ளின் இதைச் செய்தே பார்த்தார். 1774இல் ராயல் சொசைட்டியின் இதழில் அது அச்சாகியும் வந்தது. கொஞ்சம் கணக்குப் போட்டால் மலைத்துப் போவீர்கள். ஐந்து மில்லி எண்ணெயை இரண்டாயிரம் சதுர மீட்டரில் பரப்பினால் தடிமன் என்ன வரும்? இரண்டரை நானோமீட்டர்! ஒரு மீட்டரை நூறு கோடித் துண்டாக்கினால் அதில் இரண்டரைத் துண்டு. தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. பிராங்க்ளின் மட்டும் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால், மூலக்கூறின் அளவை முதன்முதலில் சொன்னவர் அவராகத்தான் இருந்திருப்பார்.

இதற்கும் அடி அண்ணாமலைக்கும் என்ன தொடர்பு? திருவண்ணாமலையின் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், வருண லிங்கத்தைத் தாண்டி வாயு லிங்கத்துக்கு முன்பாக, மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய தலம் என்று போற்றப்படும் இந்த ஊரில் ஒரு வீட்டில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே செக்கச்செவேல் என்று செர்ரி இறால்கள். பெண் இறாலின் வயிற்றடியில் மஞ்சள் முட்டைகள். வளர்ப்பவர் காலையில் விளக்கைப் போட்டதும் பார்க்கிறார்: நீர்மட்டத்தில் மெல்லிய ஒரு மினுமினுப்பு. ஓரத்தில் நீலமும் ஊதாவுமாக நிறம் ஓடுகிறது. பயந்துபோய்க் கடைக்கு ஓடி ஏதோ ஒரு மருந்து பாட்டிலை வாங்கி ஊற்றினால், சாயங்காலத்துக்குள் தொட்டி காலி! அந்த ஓட்டத்தைத் தடுக்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அந்த வானவில் நிறம் எப்படி வருகிறது தெரியுமா? படலத்தில் சாயம் எதுவும் கிடையாது. படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று மோதிச் சில நிறங்களைக் கூட்டுகின்றன, சிலவற்றை அழிக்கின்றன. இதற்குப் படலம் சில நூறு நானோமீட்டர் தடிமனாவது இருக்க வேண்டும். பிராங்க்ளினின் இரண்டரை நானோமீட்டர் படலத்தில் நிறமே தெரியாது. ஆகவே உங்கள் கண்ணுக்கு வானவில் தெரிகிறது என்றால், கண்ணுக்குத் தெரியாத படலம் அதற்கு முன்பே அங்கே குடியேறிவிட்டது என்று பொருள்!

படலம் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் எத்தனை வகை! சமையலறைத் தாளிப்பிலிருந்து காற்றில் மிதந்துவந்து படியும் எண்ணெய் ஒன்று. தேங்காய் எண்ணெய் தடவிய தலையைக் கோதிவிட்டு அதே கையைத் தொட்டிக்குள் விடுவதால் வருவதும் அதே இனம்தான். மிஞ்சிப்போன தீனி அழுகி, அதிலிருந்து கரைந்த புரதமும் கொழுப்பும் மேலே ஏறி, அதைத் தின்னப் பாக்டீரியாக்கள் கூடி வீடு கட்டுவது இன்னொன்று. போர் தண்ணீர் கடினமாக இருக்கும் வீடுகளில், அசையாமல் கிடக்கும் நீர்மட்டத்தில் சுண்ணாம்பே மாவு மாதிரி வெள்ளையாகப் படிந்து மிதக்கும். நான்காவது வகைதான் அதிசயங்களில் அதிசயம். நீரில் கரைந்திருக்கும் இரும்பைத் துருவாக்கி, அந்தத் துருவையே தங்களைச் சுற்றிப் பூசிக்கொண்டு மிதக்கும் பாக்டீரியாக்கள் உண்டு. லெப்டோத்ரிக்ஸ் டிஸ்கோபோரா என்று ஒன்றுக்குப் பெயர். பார்த்தால் டீசல் கொட்டியது போலவே மின்னும்! வயல்வரப்பு ஓரத்தில் தேங்கிய ஊற்றுநீரில் இதைப் பார்த்துவிட்டு, பூமிக்கடியில் எண்ணெய் இருக்கிறது என்று துள்ளிக் குதித்தவர்கள் உலகம் முழுக்க உண்டு.

எது எண்ணெய், எது பாக்டீரியா என்று கண்டுபிடிக்க ஆய்வகமே வேண்டாம், தெரியுமா? சுத்தமான ஒரு குச்சியால் படலத்தைக் கீறுங்கள். கீறிய இடம் சட்டென்று மறுபடி கூடி மூடிக்கொண்டால் எண்ணெய். சில்லுசில்லாக உடைந்து, உடைந்த விளிம்புகள் அப்படியே கூர்மையாக நின்றால் பாக்டீரியா அல்லது கனிமப் படலம். ஒரு குச்சி, ஒரு நொடி! நீர்நிலைகளில் எண்ணெய்க் கசிவு பற்றிப் புகார் வந்தால், வெளிநாடுகளில் சுற்றுச்சூழல் அதிகாரிகளும் முதலில் செய்து பார்ப்பது இதைத்தான்.

இந்தப் படலத்தை முறையாக ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் யார் தெரியுமா? பல்கலைக்கழக வாசலையே மிதிக்காத ஒரு பெண்! ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்த ஆக்னஸ் பாக்கல்ஸ். 1862இல் பிறந்தவர். அந்தக் காலத்தில் அங்கே பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க மாட்டார்கள். நோயுற்ற பெற்றோரைக் கவனித்துக்கொண்டு, வீட்டு வேலை செய்துகொண்டு, பாத்திரம் கழுவும் தண்ணீரில் எண்ணெயும் சோப்பும் என்ன செய்கின்றன என்று கவனிக்கத் தொடங்கினார். ஒரு தகரத் தொட்டி செய்தார். விளிம்பு வரை நீர் நிரப்பினார். குறுக்கே ஒரு தகரப் பட்டையை வைத்து நகர்த்தினார். பட்டை நகர நகர, அதற்கு முன்னால் மேற்பரப்பு அழுக்கு நெருங்குகிறது. பின்னால் தூய நீர்மட்டம் பிறக்கிறது! 1891இல் தன் கண்டுபிடிப்புகளை ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலே பிரபுவுக்குக் கடிதமாக எழுத, அவர் வியந்துபோய் அதை ‘நேச்சர்’ இதழில் வெளியிடச் செய்தார். அந்தத் தகரத் தொட்டியின் வழியில் மேலும் சென்ற இர்விங் லாங்மியூருக்கு 1932இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பாக்கல்ஸுக்கு நோபல் கிடைக்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இது.

அதே ரேலேவுக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் ஒரு கடிதம் போனது தெரியுமா? எழுதியவர் திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சி.வி.ராமன். 1907இல், இருபது வயதுகூட நிரம்பாதபோது, தொங்கும் நீர்த்துளியின் வளைவை அளந்து நீர்மத்தின் பரப்பு இழுவிசையைக் கண்டுபிடிக்கும் முறை பற்றி லண்டன் ‘பிலசாபிகல் மேகசின்’ இதழில் கட்டுரை எழுதியிருந்தார். சென்னை மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு! ரேலே அந்தப் பையனைப் ‘பேராசிரியர்’ என்று விளித்துப் பதில் எழுதினார் என்று சொல்வார்கள். நீர்மட்டம் என்பது அறிவியலுக்குச் சின்ன விஷயமாக இருந்ததே இல்லை.

சரி, இறாலுக்கு இந்தப் படலத்தால் என்ன? இங்கேதான் பிராங்க்ளின் திரும்ப வருகிறார். ஒற்றை மூலக்கூறுப் படலம் காற்றை அப்படியே அடைத்துவிடுவதில்லை. அது செய்வது அலையைக் கொல்வது. நீர்மட்டம் அசைந்தால்தான் மேல்நீர் கீழே போகும், கீழ்நீர் மேலே வந்து காற்றைத் தொடும். ஆக்சிஜன் தண்ணீருக்குள் தானாகப் பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான்! அசைவு நின்றால் அடிநீருக்கு மூச்சு வருவதும் நின்ற மாதிரிதான். படலம் தடித்துப் பாக்டீரியாக் கூட்டமாகிவிட்டால் இன்னும் மோசம்; மேலிருந்து வரும் ஆக்சிஜனை அதுவே வழியில் தின்றுவிடும்.

இதில் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. இருபது டிகிரி நீரில் லிட்டருக்கு ஒன்பது மில்லிகிராம் வரை ஆக்சிஜன் கரையும். முப்பது டிகிரியில் ஏழரைதான்! திருவண்ணாமலைச் சித்திரை வெயிலில், மலைப் பாறை பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரியில் கக்கும்போது, தொட்டி நீர் முப்பதுக்கு மேல் நிற்கும். அதே இரவில் தொட்டிச் செடிகளும் ஆக்சிஜனை வெளிவிடாமல் உள்ளிழுக்கும். விடியற்காலைதான் ஆபத்தான நேரம். இறால்கள் எல்லாம் நீர்மட்டத்துக்கு அருகே கூடி நிற்கின்றனவா என்று விளக்கைப் போடுவதற்கு முன்பு டார்ச் அடித்துப் பாருங்கள்.

இதில் தாய் இறாலின் பாடு தனி. செர்ரி இறால் இருபது முப்பது முட்டைகளை வயிற்றடி நீந்துகால்களில் சுமந்துகொண்டு, மூன்று நான்கு வாரம் இரவு பகலாக விசிறிக்கொண்டே இருக்கும், தெரியுமா? விசிறினால்தான் முட்டைக்கு மூச்சு. நீரில் ஆக்சிஜன் குறைந்தால் முதலில் அடிபடுவது அந்த முட்டைகள்தான்.

ஆனால் கேளுங்கள், இந்தக் கதையில் படலம் வெறும் வில்லன் இல்லை! செர்ரி இறால் நீர்மட்டத்தில் மல்லாந்து தொங்கியபடி, தூரிகை மாதிரி மயிர் முளைத்த குட்டிக் கைகளால் அதே படலத்தை வழித்து வழித்துத் தின்னும். பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதவர்கள் ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள், எழுந்திருக்க மனம் வராது. இலையிலும் கல்லிலும் படரும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாப் பூச்சுதான் பிறந்த குஞ்சுக்கு முதல் சாப்பாடு. நாட்டு வாதுமை இலையைக் கொதிக்கவைத்துத் தொட்டியில் போடுவதே அந்தப் பூச்சு வளரத்தான். ஆகவே பாக்டீரியாவையே ஒழித்துவிடும் மருந்து குஞ்சின் தட்டையும் கவிழ்த்துவிடும். குளத்து நத்தைகளும் நீர்மட்டத்தின் அடிப்பக்கத்தில் தலைகீழாக ஊர்ந்து படலத்தை மேயும்; குஞ்சைத் தொடாது. கப்பி மீனும் படலத்தைக் கொத்தும், ஆனால் இரண்டு மில்லிமீட்டர் குஞ்சு இறால் அதற்குத் தீனி! இனப்பெருக்கத் தொட்டியில் மீன் வேண்டவே வேண்டாம்.

இறாலின் ரத்தம் நீலம், தெரியுமா? நமக்கு இரும்பு, அதற்குச் செம்பு. ஹீமோசயனின் என்ற செம்புப் புரதம் ஆக்சிஜனைச் சுமக்கும்போது நீலமாகும். உடம்பில் ஓடுவதே செம்பு! ஆனால் தண்ணீரில் கரைந்த செம்பு துளி கூடினாலும் செவுள் கெட்டு, உடம்பின் உப்புச் சமநிலை குலைந்து இறால் சாகும். பாசி மருந்துகள், மீன் ஒட்டுண்ணி மருந்துகள் பலவற்றில் இருப்பது செம்புதான். நம் வீடுகளில் இதற்கு இன்னொரு வாசலும் உண்டு: செப்புக் குடம். இரவெல்லாம் செம்பில் ஊறிய நீரை நாம் நன்மை என்று குடிக்கிறோம். அதே நீரை இறால் தொட்டியில் ஊற்றாதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் பிடித்து வைத்த நீர்தான் பாதுகாப்பு.

இதைவிடப் பெரிய எமன் கொசுவர்த்தி! சுருளிலும் திரவ ஆவியிலும் ஸ்பிரேயிலும் இருப்பவை பைரித்ராய்டு என்ற குடும்பம். சாமந்தி இனப் பூ ஒன்றிலிருந்து கிடைத்த நஞ்சைப் பார்த்துச் செய்யப்பட்டவை. பூச்சியின் நரம்பைத் தாக்கும். இறால் யார்? பூச்சிக்கு ஒன்றுவிட்ட உறவு, கணுக்காலி! சைபர்மெத்ரின் போன்றவை லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்குக் கீழேயே ஓட்டுடலிகள் பலவற்றைக் கொல்லும். இன்னும் பயங்கரம் என்ன தெரியுமா? தொட்டியின் காற்று பம்பு அறையின் காற்றைத்தான் இழுத்து நீருக்குள் குமிழியாக விடுகிறது. சுருள் எரியும் அறையில் பம்பு ஓடினால், புகையை நாமே குழாய் போட்டு இறாலுக்கு ஊதுகிறோம்! போதாக்குறைக்கு இந்த நஞ்சுகள் தண்ணீரில் கரையாமல் எண்ணெயில் ஒட்டும் குணம் கொண்டவை. ஆகவே மேலே கிடக்கும் படலத்தில் சேரும். அதே படலத்தைத்தான் இறால் மல்லாந்து மேய்கிறது. தொட்டி இருக்கும் அறையில் சுருளும் வேண்டாம், ஸ்பிரேயும் வேண்டாம். கொசுவலை போடுங்கள்.

சோப்பும் அப்படியே. படலத்தைச் சோப்புத் துளி சட்டென்று ஓரத்துக்குத் தள்ளும், பார்க்க அழகாக இருக்கும். அது செவுளுக்கு நஞ்சு. தொட்டிக்குள் கை விடுமுன் வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவினால் போதும்.

சோப்பு நுரை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இலுப்பைப் புண்ணாக்கில் நுரைக்கும் சப்போனின் இருப்பதால், குளத்தில் தேவையற்ற மீன்களைக் கொல்ல நீரின் எடைக்குப் பத்து லட்சத்தில் 250 பங்கு என்ற அளவில் மீன் பண்ணைகளில் போடுவார்கள். தேயிலை விதைப் புண்ணாக்கிலும் சப்போனின்தான். இறால் குட்டைகளில் மீனை மட்டும் கொன்று இறாலை விட்டுவிடும்! ஆச்சரியம்தான், ஆனால் வீட்டுத் தொட்டியில் பரீட்சை செய்யும் பொருள் அல்ல.

அப்படியானால் படலத்தை எடுப்பது எப்படி? பாக்கல்ஸ் சொல்லிவிட்டுப் போனதுதான்: இழுத்து எடுங்கள்! பம்பை நிறுத்தி நீர் அடங்கப் பத்து நிமிடம் விடுங்கள். வாசனையோ லோஷனோ சேர்க்காத வெள்ளை டிஷ்யூ பேப்பரை நீர்மட்டத்தில் தட்டையாகப் படியவிட்டு, ஒரு ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தபடி தூக்குங்கள். படலம் தாளோடு வந்துவிடும். மை ஏறிய செய்தித்தாள் வேண்டாம். தூக்கிய தாளைக் குப்பையில் போடுமுன் வெளிச்சத்தில் பாருங்கள். மேய்ந்துகொண்டிருந்த குஞ்சு ஒட்டியிருக்கலாம். ஒட்டியிருந்தால் தாளை நீரில் லேசாக அலசினால் அது தப்பிவிடும்.

இன்னொரு வழி, நம் ஏரிகளின் கலிங்கு வேலை செய்யும் அதே வழி! மதகு அடிநீரை விடும். கலிங்கோ மேல்நீரை மட்டும் வழியவிடும், மிதக்கும் செத்தையும் நுரையும் அதனோடு போய்விடும். ஒரு கண்ணாடித் தம்ளரை நிமிர்த்திப் பிடித்து, விளிம்பு நீர்மட்டத்துக்கு மயிரிழை கீழே போகும்வரை அழுத்துங்கள். சுற்றியிருக்கும் மேற்பரப்பு முழுதும் தம்ளருக்குள் வழிந்து ஓடிவரும். நிறைந்ததும் எடுத்து, குஞ்சு இல்லை என்று பார்த்துவிட்டுச் செடிக்கு ஊற்றுங்கள். தொட்டிக்குள் எதையும் சேர்க்காமல் அழுக்கை மட்டும் வெளியேற்றும் வழி இது.

கடையில் விற்கும் மேற்பரப்பு உறிஞ்சியை இனப்பெருக்கத் தொட்டியில் கண்ணை மூடிக்கொண்டு மாட்டிவிடாதீர்கள். மேலே தொங்கி மேயும் தாயையும் இழுக்கும், குஞ்சை விழுங்கியேவிடும். கட்டாயம் தேவை என்றால் நுண்துளைப் பஞ்சு சுற்றி, பக்கத்திலேயே நின்று, சில நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். என்னைக் கேட்டால் பஞ்சு வடிகட்டியே போதும். குமிழி ஏறும்போது நீரைத் தூக்கிக்கொண்டு போய் மட்டத்தை உடைக்கும். படலம் சேர இடமே இருக்காது. குஞ்சு உள்ளே போகாது. பஞ்சின் மேல் படர்ந்த பூச்சைக் குஞ்சுகள் மேயவும் செய்யும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிந்து அலசுங்கள்.

குமிழி விட்டே புரதத்தை நுரையாக்கி அள்ளும் கருவி கடல்நீர்த் தொட்டிகளில் பிரமாதமாக வேலை செய்யும், நன்னீரில் செய்யாது, ஏன் தெரியுமா? உப்புநீரில் குட்டிக் குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாகவே இருக்கும். நன்னீரில் மோதியதும் கூடிப் பெரிதாகி, நுரை கட்டாமல் உடைந்துவிடும். அந்தக் கருவிக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

பெரிய இறால் பொரிப்பகங்களிலும் இந்தத் தொல்லை உண்டு! நாம் சாப்பிடும் பெரிய நன்னீர் இறால், மேக்ரோபிராக்கியம் ரோசன்பெர்கி, வாழ்வது ஆற்றில்; ஆனால் குஞ்சு பிழைப்பது உவர்நீரில். 1960களின் தொடக்கத்தில் மலேசியாவின் பினாங்கில் ஷாவ் வென் லிங் என்ற அறிஞர்தான் இதைக் கண்டுபிடித்தார். எதைக் கொடுத்தும் குஞ்சுகள் சாக, கடைசியில் சோயா சாஸ் ஊற்றியபோது பிழைத்தன, அதிலிருந்த உப்பே மருந்து என்று புரிந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். இந்தக் குஞ்சுகள் மல்லாந்து, வாலை முன்னே நீட்டி, பின்னோக்கி நீந்தும்! பதினோரு பருவம் கடந்துதான் இறால் உருவம் எடுக்கும். அவற்றுக்கு முட்டையை அவித்துத் துகளாக்கிப் போடுவார்கள். தின்றது போக மிஞ்சியது கொழுப்புப் படலமாக மிதக்கும். அங்கேயும் பாடம் ஒன்றுதான், அளவாகப் போடு, மிஞ்சியதை உடனே எடு. செர்ரி இறால் இந்தப் பாடெல்லாம் படாமல் முட்டையிலிருந்தே குட்டி இறாலாக வெளிவருவதால்தான் வீட்டில் வளர்க்க முடிகிறது.

படலம் திரும்பத் திரும்ப வந்தால் தீனியைத்தான் சந்தேகியுங்கள். போட்ட தீனி இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் பிறகும் கிடந்தால் அது அதிகம். அழுகும் இலை, செத்த நத்தை, புதிதாக வைத்த மரக்கட்டை என்று வரிசையாகப் பாருங்கள். புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களுக்குப் படலம் வருவது வாடிக்கை. காற்றை ஓடவிட்டால் தானாக அடங்கும். ஆகாயத்தாமரையும் பாசியிலையும் நீர்மட்டத்தை முழுக்க மூடினாலும் படலம் தேங்கும். மூன்றில் ஒரு பங்கு இடமாவது திறந்திருக்கட்டும். கோடையில் ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாகப் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பும் சுண்ணாம்பும் ஏறிக்கொண்டே போகும்; பிடித்து வைத்த மழைநீரோ ஆர்ஓ நீரோ நல்லது.

அசையும் நீரில் கொசு முட்டையிட விரும்பாது, தெரியுமா? பனாமா கால்வாய் வெட்டியபோது தேங்கிய நீரில் எல்லாம் எண்ணெய் தெளித்துக் கொசுப் புழுவின் சுவாசக் குழலை அடைத்தார்கள். படலத்தால் கொசுவைக் கொன்ற காலம் அது. உங்கள் தொட்டியில் படலத்தை உடைக்கும் அதே குமிழி கொசுவையும் விரட்டும், நஞ்சே இல்லாமல்!

கார்த்திகை மாதத்துக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மலை உச்சியில் ஆயிரக்கணக்கான கிலோ நெய்யில் தீபம் எரியும் நாளில் வீடெல்லாம் அகல் விளக்கு வரிசை. கூடவே மழைக்காலக் கொசு, சாம்பிராணி, பட்டாசுப் புகை. எண்ணெய்ப் பிசிறும் கரியும் மருந்தும் ஒரே வாரத்தில் தொட்டியைத் தேடி வரும். கண்ணாடி மூடி போட்டு ஓரத்தில் காற்றுக்கு இடம் விடுங்கள். பம்பை வேறு அறைக்கோ புகை வராத ஜன்னல் பக்கமோ மாற்றி நீளக் குழாய் போடுங்கள். விளக்கைத் தொட்டிக்கு மேல் வைக்காதீர்கள். மின்சாரம் போனால் ஓட பேட்டரி பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும். மறுநாள் காலை ஒரு டிஷ்யூ பேப்பர், ஒரு தம்ளர், அவ்வளவுதான் வேலை.